காற்று நின்றாலும் குறையாத எண்

ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து உடுமலைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலைமுடி நிற்காது, சாலையோரத் தென்னையின் ஓலை நிற்காது, தூரத்தில் தெரியும் காத்தாடிகளும் நிற்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சி, உடுமலை, குடிமங்கலம், பூளவாடி, கேத்தனூர் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தக் காற்றை நம்பிப் பணம் போட்டவர்கள் கொங்குநாட்டுக்காரர்கள். அவர்கள் நிறுத்திய ஒவ்வொரு காற்றாலைத் தூணிலும் ஒரு பெயர்ப்பலகை, பலகையில் ஒரு எண். அந்த எண்களையெல்லாம் கூட்டினால் வரும் பெரிய எண்ணைப் புகழத்தான் இதை எழுதுகிறேன்.

மெகாவாட்டே, அரசு ஏடுகளில் நிறுவுதிறன் என்று பெயர் பெற்ற எண்ணே, உன்னிடம் இல்லாத குணத்தை ஏற்றிச் சொல்லப் போவதில்லை. இருப்பதைச் சொன்னாலே போதும்.

நீ எளிய இடத்தில் பிறந்தாய். 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனைக்காகச் சில காற்றாலைகளை நிறுத்தியபோது உன்னை யாரும் கவனிக்கவில்லை. 1990-களில் காற்றாலைக்குப் போட்ட முதலீட்டை முதல் ஆண்டிலேயே தேய்மானமாக எழுதி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு சலுகை தந்தது. கோவை, திருப்பூர் நூற்பாலைக்காரர்கள் உன்னை வளர்க்கத் தொடங்கினார்கள். வரியும் மிச்சம், ஆலைக்குச் சொந்த மின்சாரமும் கிடைத்தது. இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளை மட்டும் கூட்டினாலே நீ பத்தாயிரத்தைத் தாண்டி நிற்கிறாய். 2023-ல் குஜராத் முந்தும்வரை நாட்டில் உனக்கு ஈடாக வேறு மாநிலத்தின் எண் இல்லை. சொந்தக் காசைக் காற்றில் போடும் துணிச்சல் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. அந்தத் துணிச்சலுக்குச் சாட்சியாக நீ நிற்கிறாய். அதற்காக உன்னை மனதார வணங்குகிறேன்.

உன் குணங்களில் முதலில் சொல்ல வேண்டியது நிலைகுலையாமை. வைகாசியில் வரும் காற்று புரட்டாசியோடு தளர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காத்தாடியின் இறக்கையில் காக்கை உட்காரலாம். சூரியத் தகடுகளுக்கோ ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணியோடு வேலை முடிந்துவிடும். நீ மட்டும் குறைவதில்லை. ஆடி நண்பகலில் எவ்வளவோ கார்த்திகை இரவிலும் அவ்வளவேதான். பருவம் உன்னைத் தொடாது, இருட்டும் உன்னைத் தொடாது.

இந்த உறுதியைக் கோவை 2012-ல் கண்ணால் பார்த்தது. அந்த ஆண்டு இங்கே ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. வார்ப்பட ஆலையில் உலை ஆறியது. லேத் பட்டறையில் கூலிக்காரர்கள் கரண்டுக்காகக் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சோமனூர்ப் பக்கம் தறிச் சத்தம் அடங்கியது. பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் பரீட்சைக்குப் படித்தார்கள். அப்போது நீ எவ்வளவு இருந்தாய்? ஏறத்தாழ ஏழாயிரம். இந்தியாவின் மொத்தக் காற்றாலைத் திறனில் ஐந்தில் இரண்டு பங்கு தமிழ்நாட்டில் இருந்தது. வெளியிலிருந்து தேவையான அளவு மின்சாரம் கொண்டுவரவும் வழியில்லை. தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒன்றாக இணைந்தது 2013 டிசம்பர் 31-ல்தான். “ஏனுங்க, இத்தன காத்தாடி நிக்குதே, கரண்டு எங்கீங்க போச்சு?” என்று டீக்கடையில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. ஊர் முழுவதும் இருண்ட அந்த மாதங்களில் நீ ஒரு மெகாவாட் கூடக் குறையாமல் முதலிடத்தில் நின்றாய்.

மூத்தோரை மதிப்பதிலும் உன்னை மிஞ்ச ஆளில்லை. 1990-களில் நிறுத்திய 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் இன்னும் பல ஊர்களில் நிற்கின்றன. காற்று எங்கே நன்றாக வீசும் என்று தேடித் தேடி முதலில் பிடித்த இடங்கள் அவை. கணவாய்க் காற்று நேராக வந்து மோதும் அந்த இடங்களில் குட்டையான கோபுரமும் சிறிய இறக்கையும் கொண்ட, வயது முப்பதை நெருங்கிய இயந்திரங்கள் நிற்கின்றன. இன்றைய இயந்திரத்தின் கோபுரம் நூறு மீட்டரைத் தாண்டும். ஒன்றே இரண்டு, மூன்று மெகாவாட் இருக்கும். உயரத்தில் காற்று வலுவாகவும் சீராகவும் வீசுவதால் ஒரு மெகாவாட்டுக்குக் கிடைக்கும் யூனிட்டும் பழையதைவிட மிக அதிகம்.

நீ இந்த வேற்றுமை எதையும் பார்ப்பதில்லை. பழைய 250 கிலோவாட் நான்கு சேர்ந்தால் உனக்கு ஒரு மெகாவாட், புதியதில் ஒரு மெகாவாட்டும் உனக்கு ஒரு மெகாவாட்தான். பழைய நான்கையும் இறக்கிவிட்டு அதே திறனுக்குப் புதியது ஒன்று போட்டால் யூனிட் கூடும், ஆனால் நீ ஒரு புள்ளியும் ஏற மாட்டாய். உன்னை வைத்து முன்னேற்றத்தை அளக்கிற அலுவலகத்துக்கு அந்த வேலையில் நாட்டம் பிறக்க நீ காரணமே தருவதில்லை. பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது 2024-ல். முள்ளக்காட்டிலிருந்து கணக்குப் போட்டால் முப்பத்தெட்டு ஆண்டுகள். அதன் கட்டணங்களைப் பற்றி உரிமையாளர்கள் முறையிட்டுக்கொண்டிருந்த நாட்களிலும் நீ முதியவர்களைத் தாங்கிப் பிடித்து நின்றாய்.

கொடுத்ததைத் திரும்பிப் பார்க்காத தாராளமும் உனக்கு உண்டு. ஆடி நள்ளிரவில் காற்று பெருகி வாங்குவதற்கு ஆளில்லாதபோது காத்தாடியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்த காலங்களைக் காற்றாலைக்காரர்கள் அறிவார்கள். வீசிய காற்று வீணாகப் போகும், நீ அப்படியே இருப்பாய்.

ஆலைக்காரர்கள் ‘பேங்கிங்’ என்று சொல்வதையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய காற்றாலைகளுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓர் ஆண்டுக் கணக்கு உண்டு. காற்றுக்காலத்தில் மிஞ்சிய யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் வைத்துவிட்டு, காற்று இல்லாத மாதங்களில் கட்டணம் செலுத்தி எடுத்துக்கொள்ளலாம். ஆலைகளைக் காப்பாற்றிய நல்ல ஏற்பாடு அது. ஆனால் மின்வாரியத்தில் யூனிட்டைப் போட்டு மூடிவைக்கும் குதிர் கிடையாது. ஆடியில் கொடுத்த யூனிட் ஆடியிலேயே யாரோ ஒருவர் வீட்டில் எரிந்து முடிந்துவிடும். மார்கழியில் ஆலை எடுக்கும் யூனிட்டின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. கணக்கில் அது காற்று, கொதிகலனில் அது கரி. இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும் பெருமனம் உனக்கு இருக்கிறது.

மின்சாரத்தை நீராக மாற்றி மேலே ஏற்றி வைக்கும் உண்மையான குதிர் ஒன்று கோவை மாவட்டத்திலேயே உண்டு. ஆனைமலையில் உள்ள கடம்பாறை நீரேற்று மின்நிலையம், 400 மெகாவாட், 1980-களின் இறுதியில் கட்டியது. மின்சாரம் மிஞ்சும்போது ஆழியாறு மேலணையின் நீரைக் கடம்பாறை அணைக்கு ஏற்றி, வேண்டும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். பக்கத்து நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் பல ஆண்டுகளாகக் கட்டுமானத்தில் இருக்கிறது. நீ நூறு நூறாகவும் ஆயிரம் ஆயிரமாகவும் வளர்ந்த இத்தனை காலத்தில், சேமித்து வைக்கும் இடம் உன்னோடு வளர்ந்ததா என்று நீ கேட்டதில்லை. அடுத்தவருக்குத் தொல்லை தராத இயல்பு உனக்கு.

அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காத பண்பையும் அவசியம் சொல்ல வேண்டும். திருப்பூர்ப் பின்னலாடைக்காரர்கள் தாங்கள் செலவழிப்பதைவிட அதிகமாகவே பசுமை மின்சாரம் உற்பத்தி செய்வதாகச் சொல்கிறார்கள். காற்றாலையிலும் சூரியத் தகட்டிலும் அந்த ஊர் போட்டிருக்கும் முதலீடு பெரியது, அதில் ஐயமில்லை. ஆனால் துணிக்குச் சாயம் ஏறுவது மின்சாரத்தில் மட்டும் இல்லை. வெந்நீரும் நீராவியும் வேண்டும். அதற்குக் கொதிகலன், கொதிகலனுக்கு விறகும் கரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு நொய்யலில் ஒரு சொட்டும் விடாமல் கழிவுநீரைச் சுத்திகரித்தால்தான் பட்டறையைத் திறக்க முடியும் என்ற நிலை வந்தது. சுத்திகரிப்பின் கடைசிப் படியில் உப்பு நீரைக் காய்ச்சி ஆவியாக்குகிறார்கள். ஆற்றைக் காக்கும் அந்த வேலைக்கும் நீராவியே வேண்டும். விறகு ஏற்றிய லாரிகள் ஊருக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. மின்சாரத்தை மட்டும் எண்ணும் உன் கணக்கில் அந்த லாரிக்கு இடமில்லை. வாசலோடு நின்றுவிடுவது உன் நாகரிகம்.

தோட்டத்துக் கிணற்றடியிலும் நீ அதே நாகரிகத்தோடு நடந்துகொள்கிறாய். கொங்குநாட்டுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு ரத்த உறவு. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் பிறந்த பிறகு கோவையில் ஆலைகள் பெருகின. 1937-ல் இந்தியாவிலேயே செய்த மோட்டார் இந்த ஊரிலிருந்து வந்தது. கமலை போய் மோட்டார் வந்த தோட்டத்துக்காரர், மின்கட்டண உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார். 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு நடத்திய போராட்டங்களின் பலன் மெல்ல மெல்லக் கனிந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது உயிர் கொடுத்து வாங்கிய உரிமை. அதை யாரும் தொடக்கூடாது.

ஆனால் இலவசமாகக் கொடுப்பதற்கும் அளக்காமல் கொடுப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. மாநிலத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உண்டு. பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. எத்தனை குதிரைத்திறன் மோட்டார், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும் என்று மதிப்பீட்டில்தான் கணக்கு எழுதுகிறார்கள். ஆயிரம் அடியைத் தாண்டிய போர்வெல்லிலிருந்து தண்ணீர் இறைக்கும் அவினாசிக் காட்டு மோட்டார் எத்தனை யூனிட் எடுத்தது என்று விவசாயிக்கும் தெரியாது, மின்வாரியத்துக்கும் தெரியாது. மொத்தச் செலவு தெரியாமல் அதில் பசுமை எத்தனை பங்கு என்று எப்படிச் சொல்வது? உனக்கு அந்தத் தொல்லை இல்லை. வகுக்கிற எண்ணைக் கேட்காமலேயே பெருமை தரக்கூடிய எண் நீ.

பட்டறைக் கூரையையும் நீ சேர்த்துக்கொள்கிறாய். கடன் வாங்கிச் சூரியத் தகடு போட்ட சிறுதொழில்காரர் போட்ட அன்றே உன்னில் ஒரு துளி ஆகிவிடுவார். தன் கூரையில் தான் எடுத்த மின்சாரத்துக்கு அவர் வலையமைப்புக் கட்டணம் கட்டியதும், அதை எதிர்த்து 2023-ல் கோவை, திருப்பூர்ச் சிறுதொழில் அமைப்புகள் கதவடைத்துப் போராடியதும், பிறகு அரசு அந்தக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்ததும் உன்னைப் பாதிக்கவில்லை. நீ விலை கேட்பதில்லை.

கரூர் மாவட்டம் புகளூரைப் பார். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் 800 கிலோவோல்ட் நேர்மின்தடம் அங்கே வந்து இறங்குகிறது. 6,000 மெகாவாட் கொண்டுவரும் தடம் அது. காற்று மிகும்போது இங்கிருந்து வடக்கே அனுப்பவும் அதில் வழி உண்டு. அது முதலில் கட்டப்பட்டது சத்தீஸ்கரின் கரி மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரத்தான். கோபுரங்களும் கம்பிகளும் ஈரோடு, திருப்பூர், கோவைத் தோட்டங்களைக் கடந்தபோது, காட்டில் கால்நட்டுப் போனவர்களிடம் நியாயமான இழப்பீடு கேட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த பசுமை மாநிலத்துக்கு எதற்கு இவ்வளவு கரி வருகிறது என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வி உன்னிடம் வந்து சேராது. நீ கம்பியை எண்ணுவதில்லை, கம்பிக்குள் ஓடுவதையும் எண்ணுவதில்லை.

உன் வேகம் நாடறிந்தது. மொத்த நிறுவுதிறனில் பாதியைப் புதைபடிவ எரிபொருள் அல்லாதவற்றிலிருந்து பெறும் இலக்கை இந்தியா 2030-க்கு வைத்திருந்தது. 2025 ஜூனிலேயே அதைத் தொட்டுவிட்டது. ஐந்து ஆண்டுகள் முன்னதாக! உலகமே பாராட்டியது, பாராட்ட வேண்டியதும்தான். அதே நாட்டில் அன்றும் எரிந்த விளக்குகளில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு நிலக்கரியால் எரிந்தன. பாதி வழி வந்துவிட்டோம் என்று சொல்லும் துணிவை உன்னைத் தவிர வேறெந்த எண்ணும் நமக்குத் தந்திருக்க முடியாது.

உன்னை இப்படிப் புகழத் தெரியாத ஊரும் கொங்கில் ஒன்று உண்டு. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கரண்டு பில் ஏறிக்கொண்டே போனதால், 2006-ல் அந்த ஊராட்சி ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து உடுமலைப் பக்கம் மைவாடியில் ஒரு காற்றாலை வாங்கியது. கையிருப்பு போக மீதிக்கு வங்கிக் கடன். திறன் 350 கிலோவாட். உன் கணக்கில் அது ஒரு மெகாவாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஓடந்துறைக்காரர்கள் உன்னை ஒருபுறம் வைத்துவிட்டு வேறு இரண்டு எண்களை எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு ஆண்டுக்கு வேண்டியது சுமார் நாலரை லட்சம் யூனிட். காற்றாலை தந்தது சுமார் ஆறே முக்கால் லட்சம். மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்று வங்கிக் கடனை அடைத்தார்கள்.

அந்த 350 கிலோவாட் ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடினால் முப்பது லட்சம் யூனிட் வர வேண்டும். வந்தது அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். காற்றாலையின் இயல்பு அதுதான், அதில் குறையொன்றுமில்லை. ஓடந்துறை அந்த இயல்பைத் தெரிந்துகொண்டு, பெயர்ப்பலகையை விட்டுவிட்டு மீட்டரைப் பார்த்துத் திட்டம் போட்டது. உலகத்திலிருந்தெல்லாம் அந்தச் சிற்றூரைப் பார்க்க ஆட்கள் வந்ததற்குக் காரணம் அந்தக் கணக்குதான்.

இப்படி ஒரு பாராட்டை இந்த மண்ணுக்குப் பக்கத்து மன்னனுக்காக ஔவையார் முன்பே சொல்லியிருக்கிறார். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர், அங்கே கொட்டிலில் மயிற்பீலி சூட்டி நெய்பூசிப் பளபளவென்று வைத்திருந்த படைக்கலங்களைப் பார்த்துப் பாராட்டினார். எங்கள் மன்னனின் வேல்களோ போரில் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். தொண்டைமானின் ஆயுதங்களைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மெகாவாட்டே, உன்னைப் பற்றி நான் சொன்னதிலும் பொய்யில்லை. நீ தொண்டைமானின் கொட்டில். அங்கே எத்தனை வேல் இருக்கிறது என்று நீ சரியாகச் சொல்கிறாய். எத்தனை வேல் களத்துக்குப் போனது என்று சொல்ல உனக்குத் தெரியாது.

குற்றம் உன்னுடையது அல்ல. நீ செய்ய வேண்டியதைச் செய்கிறாய். தூண்களை எண்ணும் உன்னை, நாம் எடுத்துவைத்த அடிகளை அளக்கும் கோல் ஆக்கியவர்கள் நாம்தான். மேடையில் உன்னைச் சொன்னால் கைதட்டல் வந்தது. உன்னைக் கூட்டுவது எளிதாக இருந்தது. அளக்கச் சிரமமானதையெல்லாம் அதனால் அளக்காமலே விட்டோம். அளக்காததைச் சரிசெய்யவும் இல்லை.

இந்த வட்டாரம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அளக்க வேண்டியவை சிலதான். மாதந்தோறும் நம் மின் பகிர்மான வட்டத்தில் செலவான யூனிட்டில் காற்றும் சூரியனும் நீரும் கொடுத்தது எத்தனை என்று பார்க்க வேண்டும். அதைக் கார்த்திகை மாத மாலை ஏழு மணிக்குப் பார்க்க வேண்டும். ஆடி நண்பகலில் எல்லோருமே பணக்காரர்கள். காற்று இருந்தும் நிறுத்திவைத்த யூனிட் எத்தனை, சேமிக்க இடம் எத்தனை என்று எழுத வேண்டும். கொதிகலனில் எரியும் விறகையும் கரியையும் அதே ஏட்டில் சேர்க்க வேண்டும். விவசாயிக்கு ஒரு பைசாவும் கட்டணம் இல்லை என்று சட்டத்தில் உறுதி எழுதிக்கொடுத்துவிட்டு, தோட்டங்களுக்குப் போகும் டிரான்ஸ்பார்மரிலாவது மீட்டர் வைக்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. மோட்டார் செய்த ஊருக்கு மீட்டர் பொருத்துவது பெரிய காரியமா?

வாசகர்களே, உங்கள் ஊர் மின்வாரிய அலுவலகத்தில் மின் நுகர்வோர் குறைதீர் கூட்டம் நடக்கும். பில் தகராறுக்கு மட்டும் போகாமல் ஒருமுறை இந்தக் கேள்விக்காகவும் போங்கள். “போன கார்த்திகையில் நம்ம வட்டத்துல செலவான யூனிட்டுல காத்தாடியும் சோலாரும் குடுத்தது எத்தனைங்க?” என்று எழுதிக் கொடுங்கள். மெகாவாட்டில் பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். யூனிட்டில் பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.